பாரமான ஆளுக்கு முதல் மோட்டார் சைக்கிள்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் மாங்குளத்தில் இருக்கிறேன். வேலை துணுக்காய்ப் பக்கத்துக் கிராமங்களில். கிழமைக்கு நாலு நாளாவது உள்ளுக்குப் போய்வர வேண்டும், பஸ்ஸை நம்ப ஏலாது. அதனால் மோட்டார் சைக்கிள் பழக முடிவெடுத்திருக்கிறேன். வயது 33, உயரம் 5 அடி 2 அங்குலம், நிறை 108 கிலோ. இதுவரை மிதிசைக்கிள் மட்டும்தான் ஓடியிருக்கிறேன். கடைக்காரர் "உங்களுக்கு ஸ்கூட்டிதான் சரி அக்கா" என்கிறார். தம்பி "உன்ர பாரத்துக்குப் பல்சராவது வேணும், சின்னது இழுக்காது" என்கிறான். கால் எட்டுமா, வண்டி தாங்குமா, விழுந்தால் தூக்கலாமா என்பதுதான் என் பயம். கையிலுள்ள காசுக்குப் பழைய வண்டிதான் வரும். அம்மாவைப் பின்னால் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகவும் வேண்டிவரும். வேலைக்குப் பஞ்சாபிதான் போடுகிறேன், சேலை இல்லை.

– வாசகி, மாங்குளம்

அன்பின் தங்கச்சிக்கு,

நிறையையும் உயரத்தையும் எழுதினது நல்லது. அவை தெரியாமல் யாரும் உங்களுக்கு வண்டி சொல்லக்கூடாது.

தம்பியின் கணக்கு பிழை. வன்னி சமதரை. ஏ9இலும் சரி, துணுக்காய் றோட்டிலும் சரி, 100 சிசி எஞ்சின் 108 கிலோ ஆளை 50, 60 வேகத்தில் சும்மா கொண்டுபோகும். இழுப்பதை விட்டுவிட்டுத் தாங்குவதைப் பாருங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஆளும் சாமானும் சேர்த்து இவ்வளவுதான் ஏற்றலாம் என்று ஓர் அளவு இருக்கிறது. இந்தியாவில் செய்யப்படும் 100 முதல் 150 சிசி வரையான பல வண்டிகளுக்கு அது 130 கிலோவை ஒட்டியே இருக்கும். 100 சிசி ஸ்பிளெண்டருக்கு 130 என்றால் பல்சர் 150க்கும் கிட்டத்தட்ட அதுதான். சிசி கூடினால் ஓட்டம் கூடும், சுமக்கும் அளவு அவ்வளவாகக் கூடாது.

உங்கள் 108, ஹெல்மெட், பை எல்லாம் சேர்ந்தால் 115 வரும். மிச்சம் 15 கிலோ. அம்மாவுக்கு அதில் இடமில்லை. மூன்று பேரும் ஒரு மூட்டை நெல்லும் போகிற வண்டிகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம்தான். அவற்றின் பின் சில்லில் எத்தனை ஸ்போக் உடைந்திருக்கிறது என்று ஒருநாள் குனிந்து எண்ணிப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடியுங்கள். பழகுகிற காலத்தில் யாரையும் பின்னுக்கு ஏற்றவே வேண்டாம்.

பல்சரை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், அதன் சொந்த நிறையே 145 கிலோ அளவில். 125 சிசி வண்டிகள் 120ஐ ஒட்டியவை. நிற்கும்போதும், உருட்டும்போதும், விழுந்ததைத் தூக்கும்போதும் அந்த 25 கிலோ தெரியும். அதன் அகன்ற பெற்றோல் ராங்க் வயிற்றில் முட்டும், நீங்கள் பின்னுக்குத் தள்ளி இருப்பீர்கள், அப்போது கை நீண்டு பாரம் மணிக்கட்டுக்கு வரும். ஒரு மணித்தியாலம் ஓடினால் கை விறைக்கும்.

ஸ்கூட்டியைக் கடைக்காரர் சொன்னதில் முழுப் பிழையில்லை. கிளச் இல்லை, ஏறி இருக்கச் சுகம். கிளிநொச்சி ரவுணுக்குள் ஓடுகிறவருக்கு அது போதும். உங்கள் றோட்டுக்குத்தான் ஒத்துவராது. பழைய டியோவுக்குப் பத்து அங்குலச் சில்லு. கிறவல் குழிக்குள் பதினேழு அங்குலச் சில்லு ஏறி இறங்கிவிடும், பத்து அங்குலம் உள்ளே விழுந்து ஹாண்டிலைப் பிடுங்கும். ஸ்கூட்டியில் ஆளின் பாரத்தில் பெரும்பங்கு பின் சில்லில்தான் விழும், அங்கே குலுக்கத்தை வாங்க அநேகமாக ஒற்றைச் சொக் மட்டும்தான். மாரியில் குளக்கட்டு றோட்டில் ஒருக்கால் போனால் விளங்கும்.

நான் சொல்வது இதுதான். 125 சிசி, பதினேழு அல்லது பதினெட்டு அங்குல அலோய் சில்லு, ரியூப் இல்லாத ரயர், முன்னுக்கு டிஸ்க் பிறேக், நீளமான தட்டைச் சீற், உயர்ந்து உங்கள் பக்கம் வளைந்த ஹாண்டில். டிஸ்கவர் 125, குளமர் 125 வகையில் இவற்றில் அநேகம் அமையும். டிஸ்க்கை விடாதீர்கள். நீங்களும் வண்டியும் சேர்ந்து 228 கிலோ. 60 கிலோ ஆள் ஓடினால் 180. அதே வேகத்தில் நிறுத்தக் கால்வாசிக்கும் கூடுதலான சக்தியைப் பிறேக் விழுங்கவேண்டும். ட்ரம் பிறேக்கும் நிறுத்தும், ஆனால் கையை இறுக்கிப் பிழியவேண்டும், சூவும் கெதியில் தேயும்.

கால் எட்டுவது சீற்றின் உயரத்தை மட்டும் பொறுத்ததல்ல. தொடை பருத்தவர்களுக்குச் சீற்றின் முன்பக்க அகலம் காலை வெளியே தள்ளி, எட்டுகிற காலையும் கட்டையாக்கிவிடும். கடையில் ஓடுகிற சப்பாத்தோடு ஏறி இருந்து பாருங்கள். இரண்டு காலின் முன்பாதமும் நிலத்தில் பட்டால் போதும். எட்டாவிட்டால் கராச்சில் பின் சொக்கைத் தளர்த்தி வண்டியைப் பதிக்கலாம் என்பார்கள். விடாதீர்கள், உங்கள் பாரத்துக்கு அது தலைகீழான வேலை. குஷன் தைக்கிறவரிடம் கொடுத்து சீற்றின் முன் இரு ஓரங்களிலும் ஸ்பொஞ்சை வெட்டி ஒடுக்குங்கள். உட்காரும் இடத்தில் பழைய ஸ்பொஞ் அமுங்கிப்போயிருந்தால் அதே உயரத்துக்குக் கடினமான ஸ்பொஞ் போடச் சொல்லுங்கள்.

இனிப் பின் சொக். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025இல்தான் திறந்தது. ஆகவே உங்கள் காசுக்கு வருகிற வண்டி அநேகமாக 2020க்கு முந்தியது, அதன் ஸ்பிரிங்கும் அவ்வளவு வயதானது. வாங்கமுதல் ஒரு அளவுநாடாவோடு போங்கள். வண்டியைச் சென்ரர் ஸ்ராண்டில் ஏற்றுங்கள், பின் சில்லு நிலத்தில் படக்கூடாது. பின் அச்சு நட்டின் நடுவிலிருந்து நேர் மேலே சீற்றுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்து அளவுங்கள். 400 மில்லிமீற்றர் என்று வையுங்கள். பிறகு ஸ்ராண்டிலிருந்து இறக்கி, ஒருவர் ஹாண்டிலைப் பிடிக்க, நீங்கள் இரண்டு காலையும் மிதியில் வைத்து இருக்க, இன்னொருவர் அதே அளவை எடுக்கவேண்டும். 370 வந்தால் நல்லது. 350 வந்தால் சொக்கின் ஓட்டத்தில் பாதிக்கு மேல் நீங்கள் இருந்தவுடனேயே போய்விட்டது. இப்படியான வண்டிகளின் பின் சொக் 80, 90 மில்லிமீற்றர்தான் ஓடும், குழிக்கு மிச்சமிருப்பது கொஞ்சம். சொக்கின் அடியிலுள்ள படி வளையத்தை இரண்டு பக்கமும் ஒரே படிக்குத் திருப்பி மறுபடி அளவுங்கள். வளையம் ஸ்பிரிங்கைக் கடினமாக்காது, வண்டியை மேலே தூக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். கடைசிப் படியிலும் பாதிக்கு மேல் அமுங்கினால் சொக் சோடியை மாற்றவேண்டும், அந்தக் காசை விலையில் கழியுங்கள். சொக் தண்டில் எண்ணெய் ஒட்டிய புழுதி இருந்தாலும் அதேதான். பின்பாகம் பதிந்தால் முன் லைற் மேலே தூக்கி எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். சொக்கைச் சரியாக்கியபின் லைற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

ரயரின் பக்கத்தில் அளவுக்குப் பிறகு ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 42பி (42P) என்றால் அந்த ரயர் 150 கிலோ தாங்கும், 50பி என்றால் 190, 55பி என்றால் 218. நீங்கள் இருக்கும்போது பின் சில்லில் 145 கிலோ வரை விழும். மலிவுக்கு மாற்றிப்போட்ட 42பி ரயர் என்றால் அது தாங்கும் எல்லைக்கே வந்துவிடுவீர்கள். 50க்குக் குறையவே வேண்டாம். காத்து அடிக்கும்போது, தனி ஆளுக்கு 28, இரண்டு பேருக்கு 32 என்று வண்டியில் எழுதியிருந்தால், நீங்கள் தனியே போனாலும் பின்னுக்கு 32. குளிர்ந்த ரயரில், கிழமைக்கு ஒருதரம்.

செயினைக் கராச்சில் இறுக்கிக் கொடுத்தால் வாங்கி வந்துவிடாதீர்கள். நீங்கள் ஏறினால் பின் சில்லைப் பிடிக்கும் ஆர்ம் மேலே போய்ச் செயின் இன்னும் இறுகும். ஆள் ஏறி இருக்கும்போதும் கீழ்ச்செயின் விரலுக்கு ஆடவேண்டும். ஆடாவிட்டால் ஸ்பிறொக்கெற்றும் பெயரிங்கும்தான் போகும்.

ஏறும்போது இடப்பக்கத்தால் ஏறுங்கள், சைலன்சர் வலப்பக்கம். சைட் ஸ்ராண்டில் நிற்கிற வண்டியின் மிதியில் முழுப்பாரத்தையும் கொடுத்து ஏறவேண்டாம், ஸ்ராண்ட் பொருத்திய கம்பி வளையும். காலைத் தூக்கிச் சீற்றுக்கு மேலால் போடுங்கள். முடியாவிட்டால் ஒரு சீமெந்துக் கல்லில் நின்று ஏறுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈர மண்ணில் நிறுத்தினால் ஸ்ராண்டுக்கு அடியில் ஒரு பலகைத்துண்டு வையுங்கள்.

விழுத்தாமல் யாரும் பழகினதில்லை. வண்டி சரிந்துவிட்டால் காலால் முண்டு கொடுக்காதீர்கள், முழங்கால் திருகிவிடும். விட்டுவிட்டு விலகுங்கள். எஞ்சினை நிப்பாட்டிக் கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைட் ஸ்ராண்டை இறக்குங்கள். பிறகு சீற்றுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, ஒரு கை ஹாண்டிலிலும் மறு கை பின் கம்பியிலும் பிடித்து, காலால் தள்ளிப் பின்னுக்கு நடந்தபடி எழும்புங்கள். இதில் உங்கள் பாரம் உங்களுக்குத்தான் துணை. முன்னுக்கு ஒரு கிறாஷ் கார்ட் பூட்டிவிட்டால் கால் வண்டிக்கடியில் அகப்படாது.

பழகும் மைதானத்தில் முதலில் கிளச்சும் பின் பிறேக்கும் மட்டும். நடைவேகத்தில் முன் பிறேக் பிடித்தபடி ஹாண்டிலைத் திருப்பினால் கிறவலில் உடனே விழுவீர்கள். பஞ்சாபியின் சோல் துணியை ஜக்கெற்றுக்குள் செருகுங்கள், அது செயினுக்குள் போக ஒரு விநாடி போதும். ஹெல்மெட்டில் எஸ்எல்எஸ் (இலங்கைத் தர) முத்திரை இருக்கவேண்டும். கன்னம் இறுக்குகிறது என்று ஒரு சைஸ் பெரிதாக எடுக்கவேண்டாம். கன்னப் பஞ்சு கழற்றி மாற்றக்கூடியதாக எடுங்கள்.

பதிவுப் புத்தகத்தின் செசி, எஞ்சின் இலக்கங்களை வண்டியில் வெட்டியிருப்பதோடு ஒப்பிட்டபின் காசைக் கொடுங்கள். லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது ஏ1 என்று போட்டுவிடாதீர்கள். அது 100 சிசி வரைக்கும்தான். 125 ஓட ஏ வகை வேண்டும்.