வீட்டுச் சாமான்களில் கைவினை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, காலி பாட்டில், கிழிந்த டி-சர்ட் என்று வீட்டில் கிடப்பதை வைத்துச் செய்யும் கைவேலைகள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளைப் படித்தால் பாதிக்கு மேல் "ஒட்டவில்லை", "வளைந்துவிட்டது", "பூஞ்சை பிடித்தது" என்றுதான் இருக்கிறது. கைத்திறன் இல்லாததால் இதெல்லாம் நடப்பதில்லை. எந்தப் பொருளுக்கு எந்தப் பசை, எவ்வளவு நேரம் காய வேண்டும் என்ற இரண்டும் பிடிபட்டால் போதும், முக்கால்வாசி வேலை சரியாக வந்துவிடும். அதனால் பசையிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா, பிளாஸ்டிக் டப்பாவில் வெள்ளைப் பசை தடவித் துணி ஒட்டினேன். காய்ந்ததும் மொத்தமாக உரிந்து வந்துவிட்டது. பசை மட்டமானதா?

பசை நல்ல பசைதான், இடம்தான் தப்பு. வெள்ளைப் பசை (பி.வி.ஏ.) தண்ணீரில் கலந்திருக்கும் ஒரு பிளாஸ்டிக். அதிலுள்ள தண்ணீர் வெளியேறினால்தான் இறுகும். காகிதம், துணி, மரம் எல்லாம் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பசையும் நார்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் உள்ளே போக வழியே இல்லை, மேலே படலமாகக் காய்ந்து நிற்கும், நகத்தால் கிள்ளினால் வந்துவிடும்.

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும், பாருங்கள். 1 என்றிருந்தால் (தண்ணீர் பாட்டில் வகை) உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டு ஒட்டினால் ஓரளவு நிற்கும். 2, 4, 5 என்றிருந்தால் சாதாரணப் பசை எதுவும் உருப்படியாகப் பிடிக்காது, அந்தப் பிளாஸ்டிக்குகளின் குணமே அப்படி. அந்த மாதிரி டப்பாவில் ஒட்டுகிற யோசனையை விட்டுவிட்டுக் கட்டுங்கள். ஓரத்தில் துளை போட்டு நூலால் தைக்கலாம். அல்லது துணியை ஒரு சுற்றுச் சுற்றி, துணியின் முனையைத் துணியின் மேலேயே ஒட்டுங்கள். துணியும் துணியும் நன்றாகப் பிடிக்கும், டப்பா உள்ளே உறைக்குள் இருப்பது போல இருந்துகொள்ளும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் சூப்பர் க்ளூ போட்டுவிடலாமே?

வேண்டாம். அது இறுகினால் உடையும் தன்மை கொண்டது, வளையும் பொருளில் விரிசல் விட்டுவிடும். இன்னொன்று, இதைக் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: பஞ்சிலோ பருத்தித் துணியிலோ அது நிறையக் கொட்டினால் சட்டென்று சூடேறும், புகைகூட வரும், தோல் பொசுங்கும் அளவுக்குச் சுடும். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு சூப்பர் க்ளூவைத் தொடவே கூடாது. சின்ன பீங்கான் துண்டு, உலோகத் துண்டு ஒட்ட ஒரு சொட்டு, அவ்வளவுதான் அதன் வேலை.

கடைப் பசை வாங்காமல் மைதாவில் காய்ச்சலாம் என்கிறார்கள். எனக்குக் கட்டி கட்டியாக வருகிறது, இரண்டு நாளில் நாறவும் செய்கிறது.

காகித வேலைக்கு மைதாப் பசையை மிஞ்ச ஒன்று கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு பங்கு மைதாவை ஒரு பங்கு பச்சைத் தண்ணீரில் முதலில் கட்டியில்லாமல் கரைத்துவிடுங்கள். வெந்நீரில் நேராக மாவைக் கொட்டுவதால்தான் கட்டி விழுகிறது, வெளிப்புறம் வெந்து உள்ளே மாவு அப்படியே மாட்டிக்கொள்ளும். தனியாக நான்கு பங்கு தண்ணீர் கொதிக்கட்டும். அடுப்பைக் குறைத்து, கரைசலை ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் விடாமல் கிளறினால் வெண்மை குறைந்து கொஞ்சம் கண்ணாடித்தன்மை வரும். மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து வீங்கிவிட்டது என்று அர்த்தம், ஒட்டும் தன்மை அதில்தான் வருகிறது. ஆற ஆற இன்னும் கெட்டியாகும், அதனால் அடுப்பில் இருக்கும்போது தண்ணியாகத் தெரிகிறதே என்று மறுபடி மாவு போடாதீர்கள்.

ஒரு கப் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு சேர்த்தால் பூஞ்சை கொஞ்சம் தள்ளிப்போகும். மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். வாடை மாறினால் கொட்டிவிடுங்கள், புதிதாகக் காய்ச்சப் பத்து நிமிடம்கூட ஆகாது.

பலூன் மேல் செய்தித்தாள் ஒட்டிக் கிண்ணம் செய்தேன். காலையில் பார்த்தால் ஒரு பக்கம் உள்வாங்கிச் சுருங்கிக் கிடக்கிறது.

பலூன் மெல்லக் காற்றை இழக்கும், இரவில் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்றும் சுருங்கும். மேலே உள்ள காகிதம் அதற்குள் இறுகியிருக்க வேண்டும், ஈரமாகவே இருந்தால் பலூனோடு சேர்ந்து அதுவும் உள்ளே போகும். ஒரே மூச்சில் ஆறு அடுக்கு ஒட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் ஆர்வத்தில் செய்வது அதுதான். காலையில் இரண்டு அடுக்கு ஒட்டி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த இரண்டு. மொத்தம் நான்கிலிருந்து ஆறு அடுக்கு போதும். விரலால் தட்டினால் டக் டக் என்று கெட்டியான சத்தம் வரவேண்டும், தொட்டால் சில்லென்று இருக்கக் கூடாது. சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, அங்கேதான் பூஞ்சை பிடிக்கும்.

தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழித்த ஓரத்தில் நார் பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கும், அடுத்த துண்டோடு அது கலந்துவிடுவதால் இணைப்பே தெரியாது. செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் நேர்கோடாக வரும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும், கவனித்திருப்பீர்கள். ஆலையில் தாள் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிவதால் அப்படி. நேராகக் கிழியும் திசையில் பட்டைகளாகக் கிழித்துக்கொண்டு, ஓர் அடுக்கு நெடுக்காக, அடுத்தது குறுக்காக ஒட்டினால் கிண்ணம் எல்லாப் பக்கமும் ஒரே பலத்தோடு வரும்.

அட்டையில் அழகான தாள் ஒட்டினால் அட்டை வில் மாதிரி வளைந்துவிடுகிறதே அக்கா, மேலே புத்தகம் வைத்தும் சரியாகவில்லை.

பசை பட்ட தாள் ஈரத்தில் விரிந்து, காயும்போது சுருங்கும். சுருங்கும் தாள் அட்டையையும் இழுத்துக்கொண்டு போகிறது, புத்தகத்தை எடுத்ததும் திரும்ப வளையத்தான் செய்யும். மறுபக்கமும் ஒரு தாள் ஒட்டுங்கள், பழைய தாளாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் நடுவில் அட்டை நேராக நிற்கும். புத்தக பைண்டிங் செய்கிறவர்கள் செய்வதும் இதேதான். அப்புறம் புத்தகத்தை மேலே வைத்துக் காயவிடுங்கள்.

பெட்டி அட்டையில் உள்ளே நெளிநெளியாக ஒரு தாள் ஓடும், அதன் திசையையும் பாருங்கள். நெளி மேலும் கீழுமாக நிற்கும்படி வெட்டினால் எடை தாங்கும், படுக்கையாக இருந்தால் நசுங்கிவிடும். இரண்டு அட்டையை நெளி ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒட்டினால் சின்ன அலமாரித் தட்டே செய்யலாம். மடிக்கும் இடத்தில் அளவுகோல் வைத்து, எழுதாத பேனா முனையால் அழுத்திக் கோடு போட்டுவிட்டு மடியுங்கள், விளிம்பு கச்சிதமாக வரும்.

செய்தித்தாள் குழல்களில் கூடை பின்னுவது எப்படி? வீடியோவில் கை ஓடுகிற வேகத்தில் ஒன்றும் புரியவில்லை.

தாளை 8 முதல் 10 செ.மீ. அகலத்தில் நீளப் பட்டைகளாக வெட்டுங்கள். மெல்லிய மூங்கில் குச்சியையோ பின்னல் ஊசியையோ ஒரு மூலையில் சாய்வாக வைத்து, இறுக்கமாக உருட்டிக்கொண்டே போய், கடைசி மூலையில் மட்டும் ஒரு சொட்டுப் பசை. குச்சியை உருவிவிடுங்கள். சாய்வாக உருட்டுவதால் குழலின் ஒரு முனை கொஞ்சம் அகலமாகவும் மறுமுனை ஒல்லியாகவும் வரும். நீளம் போதாதபோது ஒல்லி முனையில் பசை தொட்டு அடுத்த குழலின் அகல முனைக்குள் செருகினால் எவ்வளவு வேண்டுமானாலும் நீண்டுகொண்டே போகும்.

அடிக்கு வட்ட அட்டை இரண்டு வெட்டி, அந்த இரண்டு அட்டைக்கும் நடுவில், மேலே நிமிர்ந்து நிற்க வேண்டிய குழல்களைச் சுற்றிலும் வைத்து ஒட்டுங்கள். நிற்கும் குழல்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும், 17, 19, 21 என்று. ஒரே குழலால் உள்ளே வெளியே என்று பின்னிக்கொண்டு போகும்போது ஒற்றைப்படையாக இருந்தால்தான் அடுத்த சுற்றில் தானாக மாறி விழும். இரட்டைப்படை என்றால் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேலேயே ஒரே மாதிரி விழுந்து பின்னல் பிடிக்காது. முடிந்ததும் இரண்டு பங்கு வெள்ளைப் பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து இரண்டு பூச்சு கொடுங்கள், கூடை விறைப்பாகிவிடும். ஆனால் இது தண்ணீர் தாங்காது, ஈரச் சாமான் வைக்க வேண்டுமானால் மேலே வார்னிஷ் அடியுங்கள். வெயில் படும் இடத்தில் வைத்தால் தாள் பழுப்பாகும். மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருளைச் செய்தித்தாளில் நீக்காமல் விடுவதால் வரும் நிறம் அது, பெயின்ட் அடித்துவிட்டால் தெரியாது.

உப்பு மாவில் செய்த பொம்மைகள் காய்ந்ததும் வெடிக்கின்றன.

தடிமன்தான் காரணம். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு தூள் உப்பு, ஏறக்குறைய ஒரு பங்கு தண்ணீர், தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. ஐந்தாறு நிமிடம் நன்றாகப் பிசைந்து அரை செ.மீ. கனத்துக்குள் செய்யுங்கள். பெரிய உருவம் வேண்டுமென்றால் உள்ளே கசக்கிய தாளுருண்டை வைத்து மேலே மாவைப் போர்த்துங்கள். கேக் சுடும் அவனில் (oven) 100 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம், இடையில் திருப்பிப் போட்டு. அவன் இல்லையென்றால் நிழலில் சில நாட்கள். சீக்கிரம் காயட்டும் என்று நேர் வெயிலில் வைத்தால் வெளியே இறுகி உள்ளே ஈரம் நின்று, அங்கேதான் விரிசல்.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த மாவில் இருக்கும் உப்பு நாயின் உயிருக்கே ஆபத்து. பச்சை மாவும் சரி, காய்ந்த பொம்மையும் சரி, அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி, பழைய கிரேயான் போட்டு நிறம் சேர்க்கலாமா?

துண்டுகளை உருக்கலாம், கிரேயான் வேண்டாம். அதிலுள்ள நிறத்துகள் திரியை அடைத்துக்கொள்ளும், சுடர் சிறுத்து அணைந்துவிடும். உருக்கும்போது நேரடி நெருப்பில் வைக்காமல், தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து அதில் உருக்குங்கள். அளவுக்கு மீறிச் சூடேறினால் மெழுகு தானே பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, நெருப்பு மேலே பாயும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள். குழந்தைகளை இந்த வேலைக்குச் சேர்க்காதீர்கள்.

நூலில் எண்ணெய் நனைத்துச் சுற்றி, தீ வைத்துக் கண்ணாடி பாட்டிலை வெட்டுவது?

செய்யாதீர்கள். சீரில்லாமல் வெடிக்கும், சிதறல் கண்ணுக்குப் போகும். பாட்டிலை முழுசாக வைத்தே எத்தனையோ செய்யலாம்.

டி-சர்ட்டிலிருந்து முடிச்சே இல்லாத நீள நூல் எடுக்கிறார்களே, அது எப்படி?

பக்கவாட்டில் தையல் இல்லாத பருத்தி டி-சர்ட்டாகப் பாருங்கள். அக்குளுக்குக் கீழே குறுக்கே வெட்டி, அடி மடிப்பையும் நீக்கினால் ஒரு குழாய் கிடைக்கும். அதைத் தரையில் விரித்து, ஒரு பக்க விளிம்பை மறுபக்கத்தை நோக்கி மடியுங்கள், மறுபக்கம் 3 செ.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்கட்டும். மடித்த பக்கத்திலிருந்து 2.5 செ.மீ. இடைவெளியில் வெட்டிக்கொண்டே வந்து, அந்த 3 செ.மீ.க்குள் நுழையாமல் நிறுத்துங்கள். இப்போது வெட்டாத பகுதியைப் பிரித்து விரித்தால் இரண்டு பக்கமும் வெட்டுகள் தெரியும். முதல் வெட்டை விளிம்புக்குச் சாய்வாகக் கொண்டுபோய் வெளியே விடுங்கள், நூலின் தொடக்கம் அது. அதன் பிறகு இந்தப் பக்க வெட்டை அந்தப் பக்கத்தின் அடுத்த வெட்டோடு சாய்வாக இணைத்துக்கொண்டே போங்கள். நேருக்கு நேர் இணைத்தால் தனித்தனி வளையமாகிவிடும், அந்தச் சாய்வில்தான் விஷயமே இருக்கிறது. கடைசியில் கையால் இழுத்தால் ஓரங்கள் உள்ளே சுருண்டு நூலாகிவிடும். மிதியடி, பை, தொட்டி தொங்கவிடும் கயிறு எல்லாம் இதில் பின்னலாம்.

மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கிழிப்பது, கசக்குவது, மைதாப் பசை தடவுவது. மணி, பட்டன், பொம்மைக்கு ஒட்டும் கண் எதுவும் வேண்டாம், விழுங்கிவிடும். பட்டன் பேட்டரி போட்ட விளக்குகள் கிட்டவே வரக் கூடாது.

கண்ணாடி ஜாரில் லேபிள் போனாலும் பிசுக்கு போக மாட்டேன் என்கிறது.

தாளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிடுங்கள். மிஞ்சும் பிசின் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கு இளகும். சமையல் எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துத் தடவி அரைமணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவினால் போய்விடும். பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் சோப்பு போட்டு இன்னொரு முறை கழுவிக் காயவையுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு மீது பெயின்ட் நிற்காது.