நிறம் மங்கும் சிக்லிட் மீன்கள்: என்ன செய்யலாம்?

கேள்வி: இரண்டடித் தொட்டியில் ஆறு ஆப்பிரிக்க சிக்லிட் குஞ்சுகளை விட்டு எட்டு மாதமாகிறது. மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட ஒன்று மெல்லக் கறுத்துப்போய், மற்றவற்றை ஓட ஓட விரட்டுகிறது. இரண்டு செத்துவிட்டன. மிச்சமுள்ளவை பில்டருக்குப் பின்னால் நிறம் மங்கி ஒதுங்கிக் கிடக்கின்றன. தினமும் இரத்தப்புழு போடுகிறேன். நிறம் கூட்டும் தீனி கொடுக்கலாமா?

பதில்: அந்தத் தீனியால் இது சரியாகாது. நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால், கறுத்த மீன் அவுராட்டஸ் ஆண். மலாவி ஏரியின் பாறைகளுக்கிடையே வாழும் இனம். குஞ்சுகளும் பெண் மீன்களும் மஞ்சளாக இருக்கும். இடம் பிடித்த ஆண் கறுத்துவிடும். அடங்கிப்போன மீனோ தன் நிறத்தைக் குறைத்துக்கொண்டு, ‘நான் போட்டிக்கு வரவில்லை’ என்று காட்டும். உங்கள் மீன்களின் மங்கல் பயத்தால் வந்தது.

ஏரியில் துரத்தப்பட்ட மீன் தப்பி ஓடிவிடும். இரண்டடிக்குள் எங்கே ஓடும்? குறைந்தது நான்கடி நீளம், சுமார் 200 லிட்டர் கொள்ளும் தொட்டி தேவை. மணல் போடும் முன்பே பாறைகளைத் தொட்டியின் தரையில் நிறுத்துங்கள். மணல்மேல் வைத்தால் மீன் தோண்டத் தோண்டச் சரிந்துவிடும். ஒரு மீன் இன்னொன்றின் கண்ணில் படாதபடி குகைகள் அமைவதுதான் முக்கியம். அப்புறம், இந்த மீன்களைக் கொஞ்சம் நெருக்கமாக வளர்ப்பதே நல்லது. பன்னிரண்டு, பதினைந்து இருந்தால் அடி ஒரே மீன்மேல் விழாது. ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் என்ற கணக்கில் சேருங்கள். சாதுவான யெல்லோ லேப் என்ற மஞ்சள் சிக்லிட் நல்ல தொடக்கம். அவுராட்டஸை இந்தக் கூட்டத்தில் சேர்க்கவே வேண்டாம்.

இரத்தப்புழுவை இன்றே நிறுத்துங்கள். பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும் இனங்களின் நீண்ட குடலுக்கு இறைச்சித் தீனி ஒத்துவராது. வயிறு வீங்கிச் சாகும் ஆபத்து உண்டு. ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீனியை இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குப் போட்டால் போதும்.

தண்ணீர் கடினத்தன்மையுடன் இருக்கட்டும். பி.எச். 7.8 முதல் 8.6 வரை, வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை சரி. பி.எச். ஏற ஏற, மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் நச்சும் ஏறும் என்பதால் வாரம் 30 சதவீதத் தண்ணீரைக் கட்டாயம் மாற்றுங்கள். புதிய தொட்டியில் பழைய பில்டர் பஞ்சையே வையுங்கள். அதிலுள்ள பாக்டீரியாதான் அமோனியாவைச் சமாளிக்கும்.

புதிய தொட்டி தயாராகும் முன்பே கறுத்த மீனைப் பிரித்துத் தனியாக வையுங்கள். அது போனதும் மூன்றில் ஒன்று தலையெடுக்கலாம். அதனால் பாறைகளையும் இடம் மாற்றி அடுக்கிவிடுங்கள். பழைய எல்லைகள் கலைந்தால் மூன்றும் புதிதாக இடம் தேட ஆரம்பிக்கும்.