பிஎச்டி, போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) செய்பவர்களின் ஆராய்ச்சியால் உண்மையான பிரச்சினை ஏதாவது தீர்கிறதா, இல்லை கட்டுரை வெளியிடுவதோடு சரியா?

தீர்கிறது என்றுதான் சொல்வேன். முழுப் பிரச்சினையையும் ஒரே ஆள் தீர்த்துவிடுவதில்லை. அதில் ஒரு முடிச்சை அவிழ்த்துக் கொடுக்கிறார். அடுத்த முடிச்சுக்கு இன்னொருவர் வருகிறார். இதற்கு ஓசோன் படலத்தின் கதையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மரியோ மொலினா 1972இல் பிஎச்டி முடித்தார். மறுவருடம் கலிஃபோர்னியாவின் இர்வைனில் ஷெர்வுட் ரோலண்டிடம் போஸ்ட்டாக்காகச் சேர்ந்தபோது வயது முப்பதுதான். எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: அந்நாளில் ஃபிரிட்ஜிலும் ஸ்பிரே டப்பாவிலும் பயன்பட்டுவந்த சிஎஃப்சி (குளோரோஃபுளோரோகார்பன்) வாயுக்கள் கடைசியில் எங்கே போகின்றன? அவை எதனோடும் எளிதில் வினைபுரியாதவை. அதனாலேயே பாதுகாப்பானவை என்று பெயர் வாங்கியவை. மொலினா கணக்குப் போட்டுப் பார்த்தார். எதனோடும் வினைபுரியாததால்தான் அவை அழியாமல், ஓசோன் படலம் இருக்கும் அடுக்குமண்டலம் வரை ஏறிப்போகின்றன. அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரின் அணுவை விடுகின்றன. அந்த அணு ஓர் ஓசோன் மூலக்கூறை உடைத்த பிறகும் தீர்ந்துபோவதில்லை. சுழற்சி முடிந்ததும் பழையபடி தனி அணுவாக வெளியே வந்து அடுத்ததை உடைக்கிறது. இப்படியே ஆயிரக்கணக்கில். 1974இல் இருவரும் இதை வெளியிட்டார்கள். தொழில்துறையினர் கடுமையாக எதிர்த்தார்கள்.

ஆனால் கணக்கு மட்டும் போதாதே, வானத்தில் அது நடப்பதை யாராவது பார்க்க வேண்டும். அங்கேதான் ஜோனதன் ஷாங்க்ளின் வருகிறார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் இவர்தான். 1977இல் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்த இளைஞர். அண்டார்க்டிக்காவிலுள்ள ஹாலி ஆய்வு நிலையத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்து எடுத்துவந்த ஓசோன் அளவீடுகளில் நிறைய, கணினியில் ஏற்றப்படாமல் காகிதத்திலேயே தேங்கிக் கிடந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றி, சரிபார்த்து, கணக்கிடுவது இவர் வேலை. விருது கிடைக்கிற வேலை இல்லை. அந்தத் தாள்களோடு மல்லுக்கட்டியதில்தான், அண்டார்க்டிக்காவின் வசந்த கால ஓசோன் அளவு வருடத்துக்கு வருடம் சரிந்துகொண்டே வருவது தெரிந்தது. ஜோசஃப் ஃபார்மன், பிரையன் கார்டினர் இருவரோடும் சேர்ந்து 1985இல் வெளியிட்டார். ஓசோன் துளை என்று நாம் சொல்வது அதைத்தான்.

சரிவு ஏன் அவ்வளவு பெரிதாக, அதுவும் துருவத்துக்கு மேலே, இருக்க வேண்டும்? இதற்குப் பழைய கணக்கில் விடை இல்லை. மிகக் குளிர்ந்த துருவ மேகங்களின் துகள்கள்மேல் நடக்கும் வினைகள்தான் குளோரினை விடுவிக்கின்றன என்ற விளக்கத்தை முன்வைத்தவர்களில் ஒருவர் சூசன் சாலமன். 1986இல் அண்டார்க்டிக்காவின் மெக்மர்டோவுக்குப் போன ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியபோது அவருக்கு முப்பது வயது. 1987இல், சிஎஃப்சி போன்ற வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிற்பாடு உலக நாடுகள் அனைத்தும் அதில் சேர்ந்துவிட்டன.

இவர்கள் பெரிய பெயர்கள். அன்றாடம் நடப்பதையும் சொல்கிறேன். நான் இருப்பது நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஆர்சனிக் என்ற நஞ்சு பற்றிய ஆராய்ச்சியில். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். கிணற்றிலிருந்து எடுக்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அப்படியே பாட்டிலில் மூடிவைத்தால், காற்று பட்டு அதிலுள்ள இரும்பு துருநிறத்தில் அடியில் படியும். படியும்போது ஆர்சனிக்கையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்துச் சோதித்தால் அளவு குறைவாகக் காட்டும். விஷமுள்ள கிணற்றை நல்ல கிணறு என்று சொல்லிவிடுவோம். அதனால் கிணற்றடியிலேயே வடிகட்டி, ஓரிரு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டுத்தான் மூட வேண்டும். வெயிலில் நின்று இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பிஎச்டி மாணவர்கள்தான். பேராசிரியர் கையெழுத்திடும் அறிக்கையின் நம்பகத்தன்மை அந்தச் சொட்டில் இருக்கிறது.

கிணற்றுக்காரர் கேட்பதும் அவர்களிடம்தான்: "இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா, கூடாதா?" முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். திரும்பப் போய்ச் சொல்வதை ஆய்வேட்டின் எந்த அத்தியாயமும் கேட்பதில்லை, மதிப்பெண்ணும் கிடையாது. எங்கள் குழுவில் ஒரு மாணவி ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பப் போனார். பக்கத்தில் எந்தக் கிணற்றில் அளவு குறைவு என்பதையும் சேர்த்துச் சொன்னார். மக்களுக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டாவது தகவல்தான். ஆராய்ச்சி பிரச்சினையைத் தொடுகிற இடம் என்று நான் நினைப்பது இதை.

குறை எங்கே என்றால், காலத்தில். இளம் ஆய்வாளரின் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம். பிரச்சினையோ தலைமுறைக் கணக்கில் ஓடும். ஹாலியில் பலர் மாறி மாறி அளந்து வைத்திருக்காவிட்டால் ஷாங்க்ளின் எதைப் பார்த்திருக்க முடியும்? நிதி தருபவர்கள் புதுமையைக் கேட்கிறார்கள். விடாமல் அளப்பதற்குக் காசு தர யோசிக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கிற விஷயம்.

நீங்கள் பிஎச்டிக்கு இடம் தேடுபவர் என்றால், சேரும் முன் கைடிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த முடிவை யார் கையில் எடுத்துப் பயன்படுத்தப் போகிறார்கள்? நான் போன பிறகு இந்த அளவீட்டை யார் தொடர்வார்கள்? முதல் கேள்விக்கு எல்லோரும் ஏதாவது சொல்வார்கள். இரண்டாவதற்குத் தெளிவான பதில் வைத்திருப்பவரிடம் சேருங்கள்.