தாத்தாவின் 1969 பிக்கப்புக்கு பொலீரோ இன்ஜின் ஏற்றலாமா?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. தாத்தா 1969-ல் வாங்கிய மகேந்திரா எஃப்.சி.150 பிக்கப் பல வருடங்களாக ஷெட்டிலேயே நிற்கிறது. தாத்தா 2004-ல் காலமானார், ஆர்.சி. புத்தகம் இன்னும் அவர் பெயரில்தான். அப்பாவும் இரண்டு அத்தைகளும் இருக்கிறார்கள். பொலீரோவின் டீசல் இன்ஜின், ஐந்து கியர் பாக்ஸ், முன்பக்கம் டிஸ்க் பிரேக், பட்டைக்கு (லீஃப் ஸ்பிரிங்) பதிலாக நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங் என்று மாற்ற ஒரு பட்டறையில் ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பழைய இன்ஜினை இறக்கிவிட்டார்கள். ஆர்.டி.ஓ. வேலையையும் தாங்களே முடித்து, வின்டேஜ் பதிவும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். எனக்குத் தேங்காய் ஏற்றவும் ஊருக்குள் ஓட்டவும் வேண்டும். சட்டப்படி இது சரியா?

பதில்: இதைப் படித்ததும் பட்டறைக்கு போன் போட்டு, சேஸில் வெல்டிங் எதுவும் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். நீங்கள் கேட்டிருப்பதில் பாதி மீதியை அடித்துவிடும். டீசல் இன்ஜினும் காயில் ஸ்பிரிங்கும் ஏற்றிய வண்டிக்கு வின்டேஜ் பதிவு கிடைக்காது. வின்டேஜ் பதிவு வாங்கிய வண்டியில் தேங்காய் ஏற்ற முடியாது. இரண்டையும் சேர்த்து முடித்துத் தருவதாகச் சொல்கிறவர் விதியைப் படிக்காதவர், அல்லது உங்களைப் படித்தவர்.

வின்டேஜ் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதல் சில விதிகளைச் சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான வண்டி, அசல் வடிவிலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸ், பாடி, இன்ஜின் இவற்றில் மாற்றம் செய்திருந்தால் அது ‘பெரிய அளவிலான மறுசீரமைப்பு’ ஆகிவிடும், வின்டேஜ் தகுதி போய்விடும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய், ஐந்து ஆண்டு. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்குத்தான் ‘விஏ’ வரிசை. தாத்தாவின் நம்பர் போகாது என்பது மட்டும் உங்களுக்கு ஆறுதல். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பழைய வாகன அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். வழக்கமான ஓட்டமும் வியாபார உபயோகமும் கூடாது. தோப்புக்கும் மண்டிக்கும் போய்வர நினைக்கிற உங்களுக்கு இந்த வழி பொருந்தவில்லை, விட்டுவிடுங்கள்.

இனி மாற்றங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு சொல்வது இதுதான்: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரள உயர் நீதிமன்றம் ஒருமுறை இதற்குக் கொஞ்சம் தளர்வாகப் பொருள் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று, ஜெயச்சந்திரா வழக்கில், அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கம்பெனி கொடுத்த அசல் விவரக்குறிப்பை மாற்றும் வேலைக்கு இடமில்லை என்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182ஏ(4) என்ற பிரிவைக் கொண்டுவந்தது. அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனியுங்கள். உங்கள் பட்டியலை அதோடு பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். பணத்தை விட எனக்குக் கவலை அந்தச் சிறை என்ற சொல்தான்.

உங்கள் பட்டியலில் இன்ஜினுக்கு வாதாடவே இடமில்லை. உங்கள் வண்டியில் வந்தது 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர் ஹரிகேன் பெட்ரோல் இன்ஜின். எரிபொருள், சி.சி., இன்ஜின் நம்பர் மூன்றும் ஆர்.சி.யில் ஏறியிருப்பவை. டீசல் இன்ஜின் வைத்தால் மூன்றுமே பொய்யாகிவிடும். வேறு எரிபொருளுக்கு மாற 52-வது பிரிவே ஒரு வழி கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் அது சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்றவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற மாற்றுக் கிட் பொருத்துவதற்கு. இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜின் கிட் ஆகாது.

அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். விற்பனை பில் வேண்டும், அது இருந்த வண்டியின் பதிவு ரத்தான ஆவணம் வேண்டும். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்து, தெரிந்தே வாங்கியதாகப் போலீஸ் கருதினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை தண்டனை இருக்கிறது. பில் இல்லாமல் கொடுக்கப்படும் எதையும் வாங்காதீர்கள்.

அதே ரகத்து இன்ஜினைப் போடுவது வேறு கதை. உங்கள் ஹரிகேன் பிளாக் வெடித்துப்போயிருந்தால், இன்னொரு ஹரிகேனை வாங்கி, ஆர்.டி.ஓ. அனுமதியோடு புது இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். அனுமதி வாங்காமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யை அனுப்பிக் கட்டணம் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். இருக்கிற இன்ஜினையே போரிங் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றுவது பழுதுபார்ப்பு, அதற்கு யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. பெட்ரோலை அது அதிகமாகத்தான் குடிக்கும், தோப்புக்குள் ஓட்டும் தூரத்துக்கு அது தாங்கக்கூடிய செலவுதான்.

கியர் பாக்ஸ் ஆர்.சி.யில் இல்லையே என்று உங்கள் மெக்கானிக் சொல்லக்கூடும். இல்லைதான். ஆனால் ‘மாற்றம்’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம், வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றம். பொலீரோவின் ஐந்து கியர் பாக்ஸை ஏற்ற, கிராஸ் மெம்பரை (சேஸின் குறுக்குச் சட்டம்) வெட்டி, மவுண்டை வெல்டிங் வைத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தை மாற்ற வேண்டும். உங்கள் வண்டியின் மூன்று கியர், டிரான்ஸ்ஃபர் கேஸ் அமைப்பே போய்விடும். ஒரு வழக்கறிஞராக இதை நான் கட்டமைப்பு மாற்றம் என்றுதான் சொல்வேன், ‘ஆர்.சி.யில் இல்லை’ என்ற வாதத்தை நம்பி ஒரு கட்சிக்காரரை நீதிமன்றத்துக்கு அனுப்ப மாட்டேன். காயில் ஸ்பிரிங்குக்கும் அதே கதி, சேஸில் புதுப் பிராக்கெட்டுகள் வரும். பிரேக் இன்ஸ்பெக்டர் அடியில் படுத்துப் பார்த்தால் வெல்டிங் தழும்பு தெரிந்துவிடும்.

அதனால் பட்டையை விடாதீர்கள். சோர்ந்துபோன பட்டைகளை அதே அளவில் புதிதாகச் செட் கட்டலாம். புஷ், ஷேக்கிள் பின், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றலாம், போல்ட் துளைகள் மாறாத வரையில். இதிலேயே சவாரி பாதிக்கு மேல் சரியாகிவிடும். பிரேக்குக்கு டிரம்மைக் கடைந்து, புது லைனிங், புது வீல் சிலிண்டர் போடுங்கள். வெறும் போல்ட்டில் உட்காரும் டிஸ்க் பிரேக்கை நீதிமன்றத்தில் காப்பாற்ற வாதம் இருக்கிறது, பாதுகாப்பு கூடுகிறது, ஆர்.சி. விவரம் மாறுவதில்லை. ஆனால் எழுத்தில் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இந்த அனுமதியை யார் கேட்பது? இன்றைய தேதியில் நீங்கள் உரிமையாளர் இல்லை. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றம் கேட்டிருக்க வேண்டும். இருபது வருடம் ஆகிவிட்டது, தாமதக் கட்டணம் கட்டிச் செய்யலாம். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். அப்பா பெயருக்கு மாற்ற இரு அத்தைகளும் ஆட்சேபணை இல்லை என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அப்புறம் அப்பா உங்களுக்குப் படிவம் 29, 30-ல் மாற்றித் தரலாம். பழைய ஆர்.சி. கணினியில் இல்லாவிட்டால் அதையும் ஏற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அத்தைகளிடம் இப்போதே பேசிவிடுங்கள். பளபளப்பாக வண்டி வெளியே வந்த பிறகு கையெழுத்து கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும், என் அனுபவம் அப்படி.

ஆர்.சி.யில் வண்டியின் வகை என்ன என்றும் பாருங்கள். சரக்கு வாகனம் என்றிருந்தால் ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும். அது இல்லாத சரக்கு வண்டியைச் சட்டம் செல்லுபடியாகும் பதிவு உள்ள வண்டியாகவே கருதாது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் பெர்மிட் தொல்லை இல்லை. சொந்த உபயோக வண்டி என்றிருந்தால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தோப்புக்குள் மட்டும் ஓட்டினால் யார் கேட்பது என்று நினைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவு ‘பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ’ என்றுதான் சொல்கிறது.

இன்ஷூரன்ஸிலும் சிக்கல் இருக்கிறது. மாற்றத்தைச் சொல்லாமல் பாலிசி எடுத்தால், முக்கிய விவரத்தை மறைத்து வாங்கிய பாலிசி என்று கம்பெனி வாதாடலாம், அதே சட்டத்தின் 150-வது பிரிவில் அவர்களுக்கு இருக்கும் எதிர்வாதங்களில் அதுவும் ஒன்று. விபத்தில் உயிரிழப்பு நேர்ந்து, இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அந்த வாதம் எடுபட்டால், பெரிய தொகையின் சுமை தோப்பின் மேல்தான் வந்து விழும்.

அட்வான்ஸ் பணம் பற்றி. பட்டறைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவையுங்கள். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கித் தருவதாக அவர்கள் சொன்னதைக் குறிப்பிட்டு, இன்ஜின், கியர் பாக்ஸ், காயில் ஸ்பிரிங் வேலைகளை நிறுத்திவிட்டதாகவும், இதுவரை செய்த வேலைக்குப் பில் கொடுத்து மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் கேளுங்கள். பணம் கொடுத்த ரசீதும், அவர்கள் அனுப்பிய செய்திகளும் பத்திரமாக இருக்கட்டும். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். கட்டிய தொகை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேதான், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள். அதே கடிதத்தில் இறக்கிய ஹரிகேன் இன்ஜினை அப்படியே திருப்பித் தரச் சொல்லுங்கள், அது இரும்புக் கடைக்குப் போய்விட்டால் ஆர்.சி.யில் உள்ள நம்பருக்கு ஆதாரமே இருக்காது. நேரில் போய் இன்ஜின் நம்பரையும் சேஸ் நம்பரையும் பென்சில் பிரிண்ட் (மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து) எடுத்து, தேதி தெரியும்படி போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.