நீச்சல் தெரியாதவர்கள் கயாக் போகலாமா?

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் கேரளா போகிறோம். கணவர், நான், 9 வயது மகன், மாமியார். யாருக்கும் நீச்சல் தெரியாது. மன்றோ தீவில் ‘புதியவர்களுக்கு ஏற்றது’ என்று கயாக் சவாரி விளம்பரம் பார்த்தோம். பக்கத்திலேயே ‘கனூ’ என்று குறைந்த விலையிலும் ஒன்று இருக்கிறது. எதற்குப் பணம் கட்டுவது? (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் மாமியாருக்கு அந்தக் கனூதான். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தப் பக்கத்து விளம்பரங்களில் கனூ என்றால் பெரும்பாலும் நாட்டு வள்ளம். படகுக்காரர் நீளக் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார், நீங்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் போதும். பாலங்கள் சில இடங்களில் அவ்வளவு தாழ்வு, தலையைக் குனிந்துதான் போக வேண்டும். முதுகு வலி இருந்தால் இதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கயாக் என்பது ஒருவரோ இருவரோ உட்கார்ந்து ஓட்டும் குறுகலான சின்னப் படகு. அதில் துடுப்புப் போட வேண்டியது நீங்கள். கல்லடை ஆறு அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடம் அது. உள் வாய்க்கால்களில் தண்ணீர் அசைவதே தெரியாது, முதல்முறை போகிறவர்களுக்கு நல்ல இடம். ஆனால் அதே ஆட்கள் ‘சூரிய உதயம்’ என்று சொல்லி அகன்ற காயலுக்கும் கூட்டிப் போவார்கள். காற்று எழுந்துவிட்டால் அங்கே புதியவர்களுக்குக் கை ஓய்ந்துவிடும். அதனால் முதல் கேள்வி விலை அல்ல: “வாய்க்காலா, காயலா? மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?” நிற்கும் தண்ணீரில் புதியவர் மணிக்கு 3 அல்லது 4 கிலோமீட்டர் போவதே அதிகம். பையனோடு என்றால் ஒன்றரை மணி நேரச் சவாரி தாராளம். காலை நேரத்தையே கேளுங்கள். பிற்பகலில் கடல் காற்று வந்துவிடும்.

இருவர் கயாக்கில் பையன் முன்னால், கணவர் பின்னால். திருப்புவது பின்னால் இருப்பவர் வேலை. மேலே உட்காரும் வகைக் கயாக்கா என்று கேளுங்கள். கவிழ்ந்தாலும் கால் உள்ளே மாட்டாது. ஏறும் தண்ணீர் அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வடிந்துவிடும். வழிகாட்டி கரையில் நின்று கை காட்டுகிறவரா, தனிக் கயாக்கில் கூடவே வருகிறவரா என்பதும் முக்கியம். கரையில் நிற்கிறவர் என்றால் அந்தச் சவாரி உங்களுக்கு வேண்டாம்.

கடைசியாக லைஃப் ஜாக்கெட். உள்பக்க லேபிளில் 50 அல்லது 100 நியூட்டன் என்று போட்டிருக்கும், அது ஜாக்கெட் உங்களை மிதக்க வைக்கும் விசையின் அளவு. 50 என்பது நீச்சல் தெரிந்தவர்களுக்கானது. உங்கள் வீட்டுக்கு 100 வேண்டும். லேபிளே இல்லாத, வெளுத்துப்போன ஆரஞ்சு ஜாக்கெட்டை நீட்டினால் வாங்காதீர்கள். பையனுக்குக் குழந்தைகள் அளவும், காலிடுக்கில் மாட்டும் பட்டையும் கட்டாயம். கொக்கிகளைப் போட்டபின் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறி வந்தால் அது அவன் அளவு இல்லை. முன்பணம் கட்டும் முன்பே ஜாக்கெட்டையும் லேபிளையும் வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிற இடத்தில் 200 ரூபாய் குறைவு என்பதற்காகப் பிள்ளையை ஏற்ற வேண்டுமா?

கேள்வி: ஆலப்புழையில் நான்கு பேருக்குக் கயாக் பதிவு செய்து முழுப் பணமும் கட்டினேன். அன்று காலை மழை என்று அவர்களே ரத்து செய்துவிட்டார்கள். பணம் திரும்பாது, ஆறு மாதத்துக்குள் வேறு தேதியில் வரலாம் என்கிறார்கள். (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மழையில் படகை இறக்காதது சரி. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் செய்யாத சேவைக்குப் பணத்தை வைத்துக்கொள்வது வேறு விஷயம். ‘வேறு தேதி’ என்பது உங்களுக்கு வசதிப்பட்டால் மட்டும் ஏற்க வேண்டிய ஏற்பாடு. முதலில் தொலைபேசியை விட்டுவிட்டு எழுத்தில் கேளுங்கள்: பதிவு தேதி, கட்டிய தொகை, அவர்களே ரத்து செய்த செய்தியின் ஸ்கிரீன்ஷாட், 15 நாள் கெடு. அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சின்னத் தொகைகள் பல இந்தக் கட்டத்திலேயே திரும்பி வந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், இதற்காக ஆலப்புழைக்கு அலைய வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

‘எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கிழிந்த ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு அந்தத் தாளைக் காட்டித் தப்பிவிட முடியாது. கையெழுத்திடும் முன் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிச்சாவரத்தில் மோட்டார் படகா, துடுப்புப் படகா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: துடுப்புப் படகு. மோட்டார் படகு அகன்ற தண்ணீரிலேயே சுற்றிவிட்டு வந்துவிடும். சுரபுன்னை வேர்கள் இரு பக்கமும் இறங்கி நிற்கும் குறுகல் வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். டிக்கெட் எடுக்கும்போதே எந்தச் சுற்று, எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனபின் கிளைகளை ஒடிக்காதீர்கள். அங்கே தில்லை மரமும் உண்டு, அதன் பால் கண்ணில் பட்டால் பெரும் அவதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழை. ஜனவரிக்குப் பிறகு போவது நல்லது.

கேள்வி: வாடகைக்கு எடுப்பதற்குப் பதில் காற்றடைக்கும் கயாக் ஒன்றை ஆன்லைனில் வாங்கிவிடலாமா? சென்னையில் அபார்ட்மென்ட். (வாசகர், வேளச்சேரி)

பதில்: வருடத்துக்கு இரண்டு முறைதான் போவீர்கள் என்றால் வாடகையே லாபம். வாங்குவதைவிடப் பெரிய தலைவலி எங்கே இறக்குவது என்பதுதான். ஏரியும் அணையும் ஏதாவது ஒரு துறையின் கையில் இருக்கும், அனுமதி இல்லாமல் இறங்கினால் திருப்பி அனுப்புவார்கள். ஈரத்தோடு மடித்துப் பரணில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய வைக்க மொட்டை மாடி வேண்டும். அபார்ட்மென்ட் சங்கச் செயலாளரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

அப்படியும் வாங்குகிறீர்கள் என்றால் பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச எடையை அப்படியே நம்பாமல் அதில் முக்கால் பங்கைக் கணக்கில் வையுங்கள். தண்ணீரில் நனைந்த பொருளைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. எனவே வந்த அன்றே ஹாலில் வைத்துக் காற்றடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். வால்வில் சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழாகத் தெரியும். ஒட்டுப்போடும் சாமான் பெட்டிக்குள் இருக்கிறதா, பம்ப் தனியாக வாங்க வேண்டுமா என்றும் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் விலை பெரும்பாலும் இதில் சேராது, அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். கரையில் வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவதாக இருந்தால் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுப் போங்கள், சூட்டில் உள்ளே காற்று விரிந்து ஒட்டிய இடம் விட்டுவிடலாம்.