திருப்பி வெட்டாதே!

கேள்வி: அண்ணாச்சி, என் மகள் ஏழாம் வகுப்பு. செஸ் போட்டியில் கறுப்புக் காய் விழுந்தாலே பயப்படுகிறாள். எதிராளி ஜி5 கட்டத்துக்குக் குதிரையைக் கொண்டுவந்து, எஃப்7இல் பலிகொடுத்து, சீக்கிரமே ஆட்டத்தை முடித்துவிடுகிறார். பாளையங்கோட்டைப் போட்டியிலும் இதே கதை. தொடக்கத்தையே மாற்றிவிடலாமா?
- ஒரு தகப்பனார், அம்பாசமுத்திரம்

பதில்: மாற்ற வேண்டாம் தம்பி. ஃப்ரைட் லிவர் என்பார்கள் இதை. 400 வருஷத்துச் சரக்கு. பொலேரியோ என்ற இத்தாலிக்காரர் ஆடியது பதிவில் இருக்கிறது. நம்மூர்ப் பள்ளிப் போட்டிகளில் இன்னும் இது செல்லுபடியாகிறது என்றால், வெட்டினால் உடனே திருப்பி வெட்டும் பழக்கம்தான் காரணம்.

போர்டை எடுத்து வையுங்கள். கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை. இரண்டு பக்கமும் ராஜா முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம். வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4, கறுப்பின் இன்னொரு குதிரை எஃப்6. இப்போது வெள்ளைக் குதிரை ஜி5க்குப் பாய்கிறது. கறுப்பு டி5 தள்ளி பிஷப்பை மறிப்பது சரிதான். அந்தச் சிப்பாயை வெள்ளை வெட்டும். உங்கள் மகள் இங்கேதான் குதிரையால் திருப்பி வெட்டியிருப்பாள். உடனே எஃப்7இல் வந்து விழும் குதிரை ராணியையும் யானையையும் ஒருசேரப் பிடிக்கும். ராஜா வெட்டியதும் ராணி எஃப்3க்கு வந்து செக். டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6க்கு நடக்க வேண்டும். கணக்குக்குக் கறுப்பிடம் காய் அதிகம்தான். ஆனால் நடுக்களத்தில் ராஜா, பக்கத்தில் ஓடும் கடிகாரம். பெரிய ஆளே திணறுவார்.

அதனால் வெட்டாமல், சி6 குதிரையை ஏ5க்கு அனுப்பி பிஷப்பைத் தாக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் குதிரையா என்று யாராவது முகம் சுளிப்பார்கள். இங்கே பரவாயில்லை. பிஷப் பி5இல் செக் வைக்கும். சி6க்குச் சிப்பாயைத் தள்ளி மறிக்கலாம். வெள்ளை அதை வெட்டும், பி வரிசைச் சிப்பாயால் திருப்பி வெட்டு (இந்த இடத்தில் வெட்டலாம்!). பிஷப் இ2க்கு ஒதுங்கும். அப்புறம் எச்6 தள்ளினால், மிரட்ட வந்த குதிரை எஃப்3க்கே திரும்பும். இ4 தள்ளி மறுபடியும் விரட்டலாம். ஒரு சிப்பாய் போனது போனதுதான். அதற்குள் கறுப்புக் காய்கள் தாராளமாக வெளியே வந்துவிடும்.

இதுவும் பயம் என்றால், எஃப்6 குதிரைக்குப் பதில் பிஷப்பை சி5இல் வைக்கட்டும். அப்போது ஜி5க்கு வரும் குதிரையை ராணி சும்மாவே அள்ளிவிடும்.

தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்பது விதி. டி5இல் வெட்டு விழுந்ததும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் நீங்களே வெள்ளை எடுத்து, ஏ5 தானாக வரும்வரை இதையே ஆடுங்கள்.