‘0/7’ என்றால் பரவவில்லை என்று அர்த்தமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. கணையத் தலைப்பகுதியில் புற்றுநோய். மூன்று வாரம் முன்பு விப்பிள் அறுவை சிகிச்சை (கணையத் தலைப்பகுதியை அகற்றும் ஆபரேஷன்) நடந்தது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் நிணநீர்க் கணு ‘0/7’ என்று இருக்கிறது. “எங்கும் பரவவில்லை, கீமோ தேவையில்லை” என்கிறார்கள் உறவினர்கள். பணம் கட்டினால் ரிப்போர்ட்டை வெளிநாட்டு டாக்டரிடம் காட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஏழு கணுக்களைச் சோதித்தார்கள், எதிலும் புற்று இல்லை. ரிப்போர்ட் சொல்வது அவ்வளவுதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. குறைந்தது 12 கணுக்களைப் பார்த்திருக்க வேண்டும். கணைய அறுவை சிகிச்சைக்கான சர்வதேச நிபுணர் குழு 2014இல் 15 என்றது. ஒன்று முதல் மூன்று கணுக்களில் புற்று இருந்தால் ஒரு நிலை, நான்கும் அதற்கு மேலும் என்றால் இன்னும் மோசமான நிலை. ஏழு மட்டும் பார்த்தால், புற்றிருக்கும் கணு தப்பிப்போய் நோய் உள்ளதைவிட லேசாகத் தெரியலாம்.

ஏன் ஏழு? சர்ஜன் குறைவாக எடுத்திருக்கலாம். எடுத்ததை லேபில் தேடாமலும் விட்டிருக்கலாம். கணுக்கள் பல 5 மில்லிமீட்டருக்கும் சிறியவை, கொழுப்புக்குள் புதைந்திருக்கும். எடுத்த திசுவைப் போல 10 மடங்கு ஃபார்மலின் (திசு கெடாமல் பதப்படுத்தும் திரவம்) வேண்டும். சின்ன டப்பாவில் திணித்து அனுப்பினால் உள்ளே சரியாகப் பதப்படாது. கொழுப்பை மெல்லிசாக அறுத்து, விரலால் தடவித் தேட நேரம் வேண்டும். அந்த நேரத்தைப் பல இடங்களில் கொடுப்பதே இல்லை. உயிர் சம்பந்தப்பட்ட இந்த எண்ணை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுவதும் இல்லை.

ஒரு விலக்கு உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே கீமோ கொடுத்திருந்தால் கணுக்கள் சுருங்கிவிடும், கிடைப்பதும் குறையலாம். அப்படியானால் ரிப்போர்ட்டில் நிலைக் குறியீட்டுக்கு முன்னால் ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்து இருக்க வேண்டும். முன்பே கீமோ கொடுத்தும் அந்த எழுத்து இல்லையென்றால், அந்தத் தகவலே லேபுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். திருத்தித் தரச் சொல்லுங்கள். ‘ஒய்’ இருந்தாலும் ஏழு போதும் என்று விட்டுவிடாமல், மறுபடி தேடினார்களா என்று கேளுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது இதுதான்: மீதித் திசு இன்னும் இருக்கிறதா என்று, திசுவைச் சோதித்த பேத்தாலஜி துறையிடம் எழுத்தில் கேளுங்கள். ரிப்போர்ட் கொடுத்த சில வாரங்களில் அதை அப்புறப்படுத்திவிடுவார்கள். இருந்தால், கொழுப்பில் மறுபடி தேடி கூடுதல் ரிப்போர்ட் தரச் சொல்லுங்கள். கணுக்களை எடுக்க இன்னொரு ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் ஆபரேஷனிலேயே கணுக்களைக் கூடுதல் பரப்பில் அகற்றிப் பார்த்த ஆய்வுகளில்கூட ஆயுள் கூடவில்லை, வயிற்றுப்போக்குதான் கூடியது.

கீமோவை நிறுத்துவதற்கு 0/7 காரணமே அல்ல. 0/20 என்று வந்திருந்தாலும் இந்தப் புற்றுக்கு ஆறு மாதம் கீமோ பரிந்துரைக்கப்படும். உடல் தேறியதும், பொதுவாக 12 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். உடல் தாங்கினால் நான்கு மருந்து கலந்த ஃபோல்ஃபிரினாக்ஸ், இல்லையென்றால் ஜெம்சிடபினோடு கேப்சிடபின்.

அந்த இடைத்தரகரை வீட்டுப் பக்கமே விடாதீர்கள். ஸ்லைடை (மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் திசுக் கண்ணாடியை) பார்க்காமல் வெறும் ரிப்போர்ட்டைப் படித்து எந்த ஊர் டாக்டராலும் எட்டாவது கணுவைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாம் கருத்து வேண்டுமென்றால் ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்குகளையும் நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கி, பெரிய புற்றுநோய் மையத்தின் பேத்தாலஜி துறையில் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிளாக்குகளை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.